மூச்சில் போன கதிரியக்கத் துகள் உடலில் எத்தனை நாள் தங்கும்?

கேள்வி இதுதான்: "புளுட்டோனியத்தின் அரைவாழ்வு 24,000 ஆண்டு என்கிறார்கள். அப்படியானால் அதை ஒரு தடவை மூச்சில் இழுத்த விலங்கின் உடம்பில் அது சாகும்வரை அப்படியே இருக்குமா? எலியிலும் நாயிலும் செய்த சோதனைகளை மனிதனுக்குப் பொருத்த முடியுமா? உள்ளே போனதை வெளியே எடுக்க வழி உண்டா?"

முதல் வேலையாக அந்த 24,000 ஆண்டுக் கணக்கை ஒதுக்கி வையுங்கள். அரைவாழ்வு என்பது இருக்கும் அணுக்களில் பாதி சிதைய எவ்வளவு காலம் ஆகும் என்பதைச் சொல்கிறது. துகள் உடம்பை விட்டு எப்போது வெளியேறும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. உள்ளே வந்தது கதிரியக்கத் தூசியா அடுப்புச் சாம்பலா என்று நுரையீரலுக்குத் தெரியாது. எந்தத் தூசி வந்தாலும் அதைத் தள்ளிவிடத்தான் பார்க்கும். தள்ள முடிகிறதா, எந்த வழியாகத் தள்ளுகிறது, தள்ளுவதற்குள் துகள் கரைந்துவிடுகிறதா என்பதுதான் விஷயம். பலரும் தனிமத்தின் பெயரை வைத்தே பயத்தை அளக்கிறார்கள். ஆனால் உடம்பில் என்ன நடக்கும் என்பதை முடிவுசெய்வதில் அந்தத் தனிமம் எந்தத் துகளுக்குள் உட்கார்ந்து வருகிறது என்பதற்கே பெரிய பங்கு. இதை அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பீகிள் நாய்களின் உயிரைக் கொடுத்துத்தான் கற்றுக்கொண்டார்கள்.

துகள் உள்ளே போவதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

காற்றில் மிதக்கும் துகளில் பெரியது மூக்கிலேயே மாட்டிக்கொள்ளும். 10 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேற்பட்டதில் ஆழத்துக்குப் போவது சொற்பம். நாயின் மூக்குக்குள் சுருள் சுருளாக எலும்புத் தகடுகள் உண்டு. வாசம் பிடிக்க அமைந்த அந்த அமைப்பு நல்ல வடிகட்டியாகவும் வேலை செய்கிறது. சில மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள்தான் மூச்சுக்குழல் கிளைகளைத் தாண்டி, ரத்தமும் காற்றும் சந்திக்கும் நுண்ணறைகள் வரை போகின்றன. இதில் எடையையும் கவனிக்க வேண்டும். புளுட்டோனியம் ஆக்சைடின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறத்தாழ பதினொன்றரை மடங்கு. அதனால் 1 மைக்ரான் குறுக்களவுள்ள புளுட்டோனியத் துகள், காற்றில் 3 மைக்ரானுக்கு மேற்பட்ட நீர்த்துளி மாதிரி நடந்துகொள்ளும். இந்தத் துறையில் துகளின் அளவு என்று சொன்னாலே பெரும்பாலும் 'காற்றில் எந்த அளவு நீர்த்துளி போல விழுகிறது' என்றுதான் பொருள். நுண்ணோக்கியில் பார்த்து அளந்த அளவு வேறு.

மூச்சுக்குழல்களின் சுவரில் நுண்ணிய மயிர்கள் இருக்கின்றன. அவை இடைவிடாமல் அசைந்து சளியைத் தொண்டைப் பக்கம் ஏற்றிவிடுகின்றன. அதில் ஒட்டிய துகள்கள் மேலே வந்து, விழுங்கப்பட்டு, குடல் வழியாக மலத்தில் போய்விடும். பெரும்பகுதி ஓரிரு நாளில் நடந்து முடியும் வேலை. புளுட்டோனியம் ஆக்சைடைக் குடல் உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் அளவு லட்சத்தில் ஒரு பங்குதான். சோதனைக்கூடங்களில் முதல் சில நாள் நாயின் மலத்தை ஒரு துளி விடாமல் சேகரித்து அளந்ததற்குக் காரணம் இதுதான். உள்ளே எவ்வளவு போனது, எவ்வளவு உடனே திரும்பியது என்ற வரவு செலவு அதில் தெரிந்துவிடும்.

நுண்ணறைக்குள் அந்த மயிர்கள் கிடையாது. அங்கே போன துகளை மேக்ரோபேஜ் என்ற விழுங்கும் செல்கள் சில மணி நேரத்தில் கவ்விக்கொள்கின்றன. கவ்விய செல்லுக்கு மூன்று வழி. மெதுவாக நகர்ந்து மேலே சளிப் படிக்கட்டை எட்டலாம். நுரையீரல் திசுவுக்குள் புகுந்து, அங்கிருந்து மார்புக்குள் இருக்கும் நிணநீர் முடிச்சுகளில் போய்ச் சேரலாம். இல்லையென்றால் அங்கேயே கிடக்கலாம். அப்போது துகள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து ரத்தத்தில் கலக்கும். முதல் இரண்டு வழிகளுக்கும் தனிமம் எது என்பது பொருட்டே இல்லை. மூன்றாவது முழுக்க வேதியியல்.

இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பது எப்படி? 1960-இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் நியூ மெக்சிகோவின் ஆல்புகெர்க்கியில், லவ்லேஸ் நிறுவனத்தில் ஒரு ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. அணு உலை விபத்தில் பிளவுப் பொருட்கள் (அணு பிளக்கும்போது உண்டாகும் கதிரியக்கத் தனிமங்கள்) மூச்சில் போனால் என்ன ஆகும் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. அதற்கு அவர்கள் கண்டுபிடித்த வழி எனக்கு மிகவும் பிடித்தது: களிமண்! மான்ட்மோரிலோனைட் என்ற களிமண்ணுக்கு அயனிகளைப் பிடித்துவைக்கும் குணம் உண்டு. வேண்டிய கதிரியக்கத் தனிமத்தை அதில் ஏற்றி, தூவலாகத் தெளித்து, மிகச் சூடான குழாய் வழியாக அனுப்பினால் களிமண் உருகிக் கண்ணாடி போன்ற சிறு உருண்டைகளாகிவிடும். தனிமம் உள்ளே பூட்டப்பட்டுவிடும். எதை ஏற்றினாலும் துகள் ஒன்றேதான்; கரைவதும் ஏறக்குறைய ஒரே வேகம்தான். யிட்ரியம்-90, யிட்ரியம்-91, சீரியம்-144, ஸ்ட்ரான்சியம்-90 என்று நான்கையும் இப்படித் தயாரித்து நாய்களுக்கு மூச்சில் கொடுத்தார்கள்.

இங்கே ஒரு சின்னக் கணக்கு போட வேண்டும். துகளை உடம்பு வெளியேற்றும் வேகம் ஒன்று, அணு சிதையும் வேகம் ஒன்று. இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால், நுரையீரலில் உள்ள கதிரியக்கம் இரண்டில் எது வேகமானதோ அதை ஒட்டியே குறையும். நாயின் நுரையீரல் பாதித் துகளை வெளியேற்ற 500 நாள் எடுக்கிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். யிட்ரியம்-90-இன் அரைவாழ்வு 2.7 நாள், நுரையீரலில் அதன் கதிரியக்கம் பாதியாவதும் அதே 2.7 நாளில்தான், உடம்புக்கு அங்கே வேலையே இல்லை. யிட்ரியம்-91-க்கு 58.5 நாள், கணக்கில் 52 நாள் வரும். சீரியம்-144-க்கு 285 நாள். அது 180 நாளாகிறது. ஸ்ட்ரான்சியம்-90-க்கு 29 ஆண்டுக்குக் கொஞ்சம் குறைவு. ஆனாலும் நுரையீரலில் அது பாதியாவது சுமார் 475 நாளில். 29 ஆண்டானாலும் 24,000 ஆண்டானாலும் இந்தக் கடைசி எண் பெரிதாக மாறாது என்பதைக் கவனியுங்கள். ஒரு கட்டத்துக்கு மேல் அணுவின் ஆயுள் நீண்டால் என்ன, நீளாவிட்டால் என்ன! கேள்வியில் இருந்த பெரிய எண்ணை ஒதுக்கச் சொன்னது அதனால்தான்.

சரி, அதே ஸ்ட்ரான்சியத்தைக் களிமண்ணில் பூட்டாமல், கரையக்கூடிய குளோரைடாகக் கொடுத்தால்? அதையும் அதே இடத்தில் செய்து பார்த்தார்கள். சில நாளிலேயே நுரையீரல் ஏறத்தாழ காலியாகிவிட்டது. உடம்புக்கு ஸ்ட்ரான்சியமும் கால்சியமும் ஒன்றுதான், அதனால் அது நேரே எலும்புக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. அந்த நாய்களுக்கு வந்தது எலும்புப் புற்று. களிமண்ணில் பூட்டிய ஸ்ட்ரான்சியத்தை மூச்சிழுத்த நாய்களுக்கோ, அதிக அளவில் முதலில் நுரையீரல் அழற்சியும் தழும்பும், தப்பியவற்றுக்குப் பிற்காலத்தில் நுரையீரலிலும் அதை ஒட்டிய உறுப்புகளிலும் புற்று. ஒரே தனிமம், ஒரே ஐசோடோப் (அந்தத் தனிமத்தின் ஒரே எடையுள்ள அணு வகை), ஒரே மூக்கு வழி. நோய் வந்த இடம் மட்டும் வேறு வேறு.

இந்தக் கதையின் இன்னும் சுவையான பாகம் வாஷிங்டன் மாநிலத்தின் ஹான்ஃபோர்டில் நடந்தது. நாகசாகி குண்டுக்குப் புளுட்டோனியம் தயாரித்த இடம் அது. அங்கே 1950களிலிருந்தே வில்லியம் பேர் என்ற ஆராய்ச்சியாளர் முதலானோர் புளுட்டோனியத்தை மூச்சிழுத்த விலங்குகளை ஆராய்ந்து வந்தார்கள். பின்னர் பீகிள் நாய்களைப் பல குழுக்களாகப் பிரித்து, ஒரே ஒரு தடவை முகமூடி வழியாகத் தூசியைச் சுவாசிக்க வைத்து, அதன்பின் இயற்கையாகச் சாகும்வரை வளர்த்தார்கள். பீகிள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது. அதனால் ஒவ்வொரு சோதனையும் ஒரு ஆராய்ச்சியாளரின் பாதிப் பணிக்காலத்தைத் தின்றது. ஒரு குழுவுக்குப் புளுட்டோனியம்-239 ஆக்சைடு, இன்னொன்றுக்குப் புளுட்டோனியம்-238 ஆக்சைடு, மூன்றாவதற்குப் புளுட்டோனியம்-239 நைட்ரேட்.

எளிதில் கரையும் நைட்ரேட் எதிர்பார்த்தபடியே நடந்தது. ஆக்சைடைவிட வேகமாக நுரையீரலை விட்டுக் கிளம்பியது. ரத்தத்தில் புளுட்டோனியம் தனியாகத் திரிவதில்லை. இரும்பைச் சுமக்கும் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தில் தொற்றிக்கொண்டு பயணம் செய்கிறது. கடைசியில் இறங்கும் இடங்கள் கல்லீரலும் எலும்பும். எனவே இந்த நாய்களில் எலும்புப் புற்று முக்கியமாக வந்தது.

239 ஆக்சைடு நேர் எதிர். ஆண்டுக்கணக்கில் நுரையீரலிலேயே கிடந்தது. கிளம்பியதில் கணிசமான பங்கு மார்பு நிணநீர் முடிச்சுகளில் போய்க் குவிந்தது. கல்லீரலுக்குக் கொஞ்சம், எலும்புக்கு மிகக் குறைவு. வந்தது நுரையீரல் புற்று.

அப்புறம் 238 ஆக்சைடு. வேதியியல் பாடப்படி 238-க்கும் 239-க்கும் வித்தியாசமே கிடையாது. ஒரே தனிமம், ஒரே ஆக்சைடு, ஒரே படிக அமைப்பு. ஆனால் நாய்களின் உடம்பில் அது ஆக்சைடு மாதிரி நடந்துகொள்ளவில்லை. தொடக்கத்தில் நுரையீரலில் அமைதியாக இருந்தது. காலம் போகப் போகக் கரைந்து வெளியேறி கல்லீரலிலும் எலும்பிலும் சேர்ந்தது. கடைசியில் நைட்ரேட் கொடுத்த நாய்களைப் போல இவற்றுக்கும் எலும்புப் புற்றே முன்னால் நின்றது.

ஏன்? கணக்கு போட்டால் புரிந்துவிடும். 239-இன் அரைவாழ்வு 24,110 ஆண்டு, 238-இன் அரைவாழ்வு 87.7 ஆண்டு. ஒரே எடையுள்ள துகளில் 238 சுமார் 275 மடங்கு வேகமாகச் சிதையும். 1 மைக்ரான் உருண்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது 239 ஆக்சைடாக இருந்தால் ஒன்றரை நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் ஒரு ஆல்ஃபாவை (சிதையும் அணுக்கரு வீசும் நுண்ணிய துகள்) வெளியே விடும். நாளொன்றுக்கு ஆயிரம் அளவில். அதுவே 238 ஆக்சைடாக இருந்தால் நொடிக்கு மூன்றுக்கு மேல். நாளொன்றுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம். ஒவ்வொரு தடவை ஆல்ஃபா வெளியேறும்போதும், துப்பாக்கி பின்னுக்கு உதைப்பது போல மிச்சமுள்ள கரு பின்வாங்கிப் படிகத்தை இடித்துக் குலைக்கிறது. நாளுக்கு மூன்று லட்சம் இடி என்றால் அந்த உருண்டை எத்தனை காலம் தாங்கும்? தனக்குள்ளேயே நொறுங்கிச் சிறு துணுக்குகளாகிறது. துணுக்குகள் சிறுத்தால் பரப்பு கூடும், பரப்பு கூடினால் கரைவது வேகமாகும். கரையாதது என்று முத்திரை குத்திய பொருள் தன் கதிரியக்கத்தாலேயே தன்னைக் கரையவைத்துக்கொள்கிறது.

இது நாயோடு முடியவில்லை. 1971-இல் அமெரிக்காவின் லாஸ் அலமோசில் சில தொழிலாளர்கள் புளுட்டோனியம்-238 கொண்ட பீங்கான் வகைப் பொருளின் தூசியைச் சுவாசித்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அவர்களுடைய சிறுநீரில் குறிப்பிடும்படி ஒன்றும் தென்படவில்லை. வழக்கமாக இத்தகைய விபத்துக்குப் பின் முதல் நாட்களில் சிறுநீரில் உள்ள அளவு உச்சத்தில் இருக்கும், பின்பு இறங்கிக்கொண்டே வரும். இவர்களுக்குத் தலைகீழாக, மாதங்கள் போகப் போக ஏறியது. முதல் வாரத்துச் சிறுநீரை மட்டும் பார்த்து 'பயப்பட ஒன்றுமில்லை' என்று கோப்பை மூடியிருந்தால் எவ்வளவு பெரிய தப்பாகியிருக்கும்! நாய்களில் பார்த்த அந்தத் தாமதக் கரைசல்தான் இந்த வினோதத்தைப் புரிந்துகொள்ளக் கைகொடுத்தது.

நிணநீர் முடிச்சுகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. 239 ஆக்சைடை மூச்சிழுத்த நாய்களில், ஒரு கிராம் திசுவுக்கு எவ்வளவு என்று பார்த்தால், மார்பு நிணநீர் முடிச்சுகளில் இருந்த புளுட்டோனியம் நுரையீரலில் இருந்ததைவிடப் பல மடங்கு. புற்று முதலில் அங்கேதான் வரும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். வரவில்லை. முடிச்சுகள் கருகித் தழும்பாகிச் சுருங்கின, ரத்தத்தில் லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை குறைந்தது, ஆனால் புற்று வந்தது நுரையீரலில். புற்றாக மாறுவதற்கும் செல் உயிரோடு இருக்க வேண்டும். அளவுக்கு மீறி அடிபட்ட இடத்தில் மாறுவதற்கு ஆளே மிச்சமில்லை என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம். நம்பத்தகுந்ததாகவே எனக்குப் படுகிறது.

இதை ஒட்டிய பழைய சண்டை ஒன்றும் உண்டு. 1974-இல் ஆர்தர் டாம்ப்ளின், தாமஸ் காக்ரன் என்ற அமெரிக்க விஞ்ஞானிகள் இருவரும் ஒரு வாதத்தை வைத்தார்கள். புளுட்டோனியத்தின் ஆல்ஃபா, திசுவில் ஓடும் தூரம் 40 மைக்ரான் அளவுதான். அப்படியானால் ஒரே துகள் தன்னைச் சுற்றியுள்ள சில செல்களுக்கு மட்டும் பயங்கரமான கதிரடி கொடுக்கும். மொத்த நுரையீரலுக்கும் சராசரி எடுத்துப் பார்ப்பது ஏமாற்று வேலை. உண்மையான ஆபத்து பல்லாயிரம் மடங்கு அதிகம் என்றார்கள். கேட்க நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் லாஸ் அலமோசில் புளுட்டோனியம் கலந்த சிர்கோனியா என்ற பீங்கான் வகை நுண்ணுருண்டைகளை வெள்ளெலிகளின் (ஹாம்ஸ்டர்) ரத்தத்தில் செலுத்தி, அவை நுரையீரலின் மிக நுண்ணிய ரத்தக் குழாய்களில் அடைத்துக்கொண்டு அசையாமல் நிற்கும்படி செய்தபோது வந்த கட்டிகள் மிகச் சொற்பம். ஒரே இடத்தில் குவிந்த கதிரடி பரவலான கதிரடியைவிட மோசமில்லை, சொல்லப்போனால் குறைவு என்பது தெரிந்தது. 'ஒரே ஒரு துகள் போதும், ஆள் காலி' என்ற வசனம் அப்போதே ஆதாரத்தை இழந்துவிட்டது. இன்றும் அது வாட்ஸ்ஆப்பில் சுற்றுகிறது என்பது வேறு விஷயம். ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்: வெள்ளெலிக்கு இயல்பாகவே நுரையீரல் புற்று எளிதில் வராது. அதனால் அந்த ஒரு சோதனையை மட்டும் வைத்து நான் வாதாட மாட்டேன். நாய்களையும் தொழிலாளர்களையும் பின்தொடர்ந்ததில் கிடைத்ததையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இனி எலி விவகாரம். எந்த விலங்கு என்பதைப் பொறுத்துத் தங்கும் காலம் ஏகமாக மாறுகிறது. கரையாத துகள் எலியின் நுரையீரலில் பாதியாகக் குறைய ஏறக்குறைய இரண்டு மாதம் போதும். சுண்டெலியும் அப்படித்தான். நாய்க்கும் மனிதனுக்கும் நூற்றுக்கணக்கான நாள். காரணம், எலியின் மேக்ரோபேஜ்கள் துகளைக் கவ்விக்கொண்டு பெரும்பாலும் நுண்ணறைக்குள்ளேயே இருந்து விரைவில் சளிப் படிக்கட்டுக்கு வந்துவிடுகின்றன. எலியின் மூச்சுக்குழல் முடிந்ததும் சட்டென்று நுண்ணறைகள் தொடங்கிவிடும். நாய், குரங்கு, மனிதன் ஆகியோருக்கு நடுவில் இன்னொரு பகுதி இருக்கிறது. அந்த நீண்ட பாதையில் துகள்கள் திசுவுக்குள் நழுவிப் புதைந்துகொள்ளும். புதைந்தது எளிதில் வெளியே வராது, நிணநீர் முடிச்சுக்குப் போவதும் இவற்றில்தான் அதிகம்.

கல்லீரலிலும் இதே கதை. எலியின் கல்லீரல் புளுட்டோனியத்தை விரைவாகக் கழித்துவிடும். நாயின் கல்லீரல் ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும். மனிதனுக்குக் கல்லீரலில் 20 ஆண்டு, எலும்பில் 50 ஆண்டு என்ற அரைவாழ்வுகளைச் சர்வதேசக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் ஒரு காலகட்டத்தில் கணக்குக்கு வைத்திருந்தது. சீசியத்தை எடுத்தால், அது எங்கும் குறிப்பாக உட்காராமல் தசையெல்லாம் பரவும். மனிதனில் அது பாதியாகச் சுமார் 100 நாள், சுண்டெலியில் சில நாள். உடம்பு சிறிதானால் எல்லாம் வேகம்.

ஆகவே எலிச் சோதனையில் வந்த 'தங்கும் காலத்தை' அப்படியே மனிதனுக்கு எடுத்துப் போட்டால் தப்பான பதில்தான் வரும். எலி நமக்குச் சொல்லித் தருவது வேறு ஒன்று. துகள் கரையும் வேகம் விலங்குக்கு விலங்கு அவ்வளவாக மாறுவதில்லை. ஏனென்றால் அது துகளின் குணம். தள்ளி வெளியேற்றும் வேகம்தான் விலங்கின் குணம். அதனால் கரைவதை எலியிலோ நாயிலோ அளந்து, தள்ளும் வேகத்தை மனிதனிடம் அளந்து, இரண்டையும் கோத்துக் கணக்கிடுகிறார்கள். 1994-இல் வந்த அந்த ஆணையத்தின் 66-ஆம் வெளியீடு இந்த யோசனையின் மேல்தான் நிற்கிறது. மனிதனிடம் அளப்பதற்கும் அந்த உருகிய களிமண் உருண்டைகளே உதவின: தீங்கு மிகக் குறைந்த அளவில் ஸ்ட்ரான்சியம்-85, யிட்ரியம்-88 ஏற்றிய உருண்டைகளைத் தன்னார்வலர்கள் சுவாசித்தார்கள், வெளியிலிருந்து காமா கதிரை எண்ணிப் பின்தொடர்ந்தார்கள். அந்த வெளியீட்டில் நுண்ணறைப் பகுதியை மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். அங்கே விழுந்ததில் 30 சதவீதம் ஒரு மாதத்துக்குச் சற்று மேலான அரைவாழ்வோடு கிளம்பும். 60 சதவீதத்துக்கு 700 நாள். மீதி 10 சதவீதத்துக்கு ஏறத்தாழ 7,000 நாள், அதாவது 19 ஆண்டு. பிற்பாடு இந்த எண்களைத் திருத்தி, திசுவுக்குள் புதைவதைத் தனியாகக் காட்டும் புதிய மாதிரி வந்துவிட்டது. ஆனாலும் மூன்று வேகம் என்ற பழைய படம்தான் மனதில் நிற்க வசதியானது. புகைபிடிப்பவர்களுக்கு இந்தக் கழிப்பு இன்னும் மெதுவாகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். எலிகளில் பார்த்த இன்னொன்று: கதிரடி மிகுந்தால் மேக்ரோபேஜ்களே செத்து, துப்புரவு வேலை நின்றுபோகும். அதிகம் போனால் அதிகம் தங்கவும் செய்யும் என்ற இரட்டைத் தண்டனை.

உள்ளே இருப்பதை எப்படி அளக்கிறார்கள் என்று சிலருக்குத் தோன்றலாம். சீரியம், யிட்ரியம் போன்றவற்றை வெளியிலிருந்து எண்ணிவிடலாம். புளுட்டோனியத்தின் ஆல்ஃபா தோலைத் தாண்டாது, கூடவே வரும் எக்ஸ் கதிரும் மார்புச் சதையிலேயே பெரும்பாலும் அடங்கிவிடும். எனவே பெரும்பாலும் அதோடு கலந்திருக்கும் அமெரிசியம்-241 விடும் 60 கிலோ எலக்ட்ரான் வோல்ட் காமாவைப் பிடித்து மறைமுகமாகக் கணக்கிடுகிறார்கள். நம் பக்கத்து உதாரணம் ஒன்று இதைவிட அழகானது. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து மோனசைட் என்ற கனிமத்தைப் பிரிக்கிறார்கள். அதில் தோரியம் இருக்கிறது. தோரியத்தின் அரைவாழ்வு 1,400 கோடி ஆண்டு. ஆனால் அதன் சிதைவு வரிசையில் ஓரிடத்தில் தோரான் என்ற வாயு வருகிறது, அதன் அரைவாழ்வு 56 நொடிக்கும் குறைவு. நுரையீரலில் தோரியத் தூசி தங்கியிருந்தால், வெளிவிடும் மூச்சில் தோரான் இருக்கும். தோரியத்தோடு வேலை செய்யும் தொழிலாளர்களை ஊதச் சொல்லி அந்த மூச்சை அளந்தே உள்ளே உள்ளதைக் கணிக்கும் முறை இந்தியாவில் பயன்பாட்டில் இருக்கிறது.

ஆய்வுக்கூடத்துக்கு வெளியிலும் விலங்குகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். 1963-இல் நெவாடா பாலைவனத்தில் 'ஆபரேஷன் ரோலர் கோஸ்டர்' என்ற பெயரில், அணுவெடிப்பு நிகழாதபடி சாதாரண வெடிமருந்தால் புளுட்டோனியத்தைச் சிதறடித்து, காற்று வீசும் திசையில் நாய்களையும் செம்மறிகளையும் கழுதைகளையும் நிறுத்திவைத்தார்கள். ஆயுதம் ஏற்றிய விமானம் விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கான ஒத்திகை அது. மூன்றே ஆண்டில், 1966 ஜனவரியில், ஸ்பெயினின் பாலோமாரெஸ் கிராமத்தின் மேல் அப்படியே நடந்தது. அந்தக் கழுதைகளை நினைத்தால் எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. கிடைத்த தகவலை நாள்தோறும் பயன்படுத்துகிற எனக்கு அதற்குமேல் சொல்லத் தகுதி இருக்கிறதா என்பதும் சந்தேகமே.

கடைசிக் கேள்வி: வெளியே எடுக்க முடியுமா? கரைந்து ரத்தத்தில் ஓடும் நிலையில் இருந்தால் முடியும். டிடிபிஏ என்ற மருந்து புளுட்டோனியத்தையும் அமெரிசியத்தையும் பிடித்துச் சிறுநீரில் இறக்கிவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதன் கால்சிய, துத்தநாக வடிவங்களை 2004-இல் அங்கீகரித்தது. எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறோமோ அவ்வளவு பலன். எலும்பில் போய் உட்கார்ந்தபின் அதற்குச் செல்வாக்கு குறைவு. மேக்ரோபேஜின் வயிற்றுக்குள் இருக்கும் கரையாத ஆக்சைடை அந்த மருந்து தொடவே முடியாது. அங்கேதான் நுரையீரலைக் கழுவும் முறை வருகிறது. லவ்லேஸில் சீரியம் ஏற்றிய களிமண் துகள்களைச் சுவாசித்த நாய்களை மயக்கத்தில் வைத்து, ஒரு தடவைக்கு ஒரு பக்க நுரையீரல் என்று உப்புநீரை நிரப்பி உறிஞ்சி எடுத்தார்கள். இப்படி இரண்டு மாத அளவில் பத்துத் தடவை கழுவியதில், நுரையீரலில் கிடந்ததில் பாதியை ஒட்டி வெளியே வந்தது. நீரோடு வந்தவை பெரும்பாலும் துகளைக் கவ்விய மேக்ரோபேஜ்கள்தான். நுரையீரல் அழற்சியால் சீக்கிரமே சாக வேண்டிய நாய்கள் பல அதனால் கூடுதல் காலம் வாழ்ந்தன. ஆனால் மயக்க மருந்து கொடுத்து நுரையீரலில் நீர் நிரப்புவதிலும் ஆபத்து உண்டு. அதனால் மனிதருக்கு இதை யோசிப்பது, மிக அதிகமாக உள்ளே போய்விட்டது என்று உறுதியான அபூர்வ வேளைகளில் மட்டுமே.